விவாத இழை: குயின் எலிசபெத் போர்க்கப்பலா, அட்மிரல்களின் மிதக்கும் ஆபீசா?

நங்கூரம் (இழையைத் தொடங்கியவர்):

போன வாரம் வேறொரு இழையில் வார்ஸ்பைட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர், "அதே வகையில் முதலில் கட்டிய குயின் எலிசபெத் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லையே" என்று எழுதியிருந்தார். பதில் நீண்டுவிட்டதால் தனி இழையாகப் போடுகிறேன்.

1912 அக்டோபரில் போர்ட்ஸ்மவுத் தளத்தில் அடிக்கட்டை வைத்து, 1913 அக்டோபரில் நீரில் இறக்கினார்கள். சேவைக்கு வந்தபோது போர் தொடங்கியாகிவிட்டது. எட்டு 15 அங்குலப் பீரங்கிகள், ஒவ்வொரு குண்டும் ஏறத்தாழ 870 கிலோ. நிலக்கரியை விட்டுவிட்டு முழுக்க எண்ணெயில் ஓடிய முதல் பெரிய போர்க்கப்பல் வகை. அந்த எண்ணெய்க்காகத்தான் 1914இல் பிரிட்டிஷ் அரசு ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனியில் பெரும்பான்மைப் பங்கு வாங்கியது. ஐந்து சகோதரக் கப்பல்கள்: குயின் எலிசபெத், வார்ஸ்பைட், வேலியன்ட், பார்ஹாம், மலாயா.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1916 மே 31, பிரிட்டிஷ், ஜெர்மன் படைகள் மோதிய ஜட்லாண்ட் சண்டை: மற்ற நான்கும் போயின, இது ரோசைத்தில் பழுதுபார்க்கும் தளத்தில் கிடந்தது. 1941 மார்ச், கிரீஸ் அருகே மட்டபான்: வார்ஸ்பைட், வேலியன்ட், பார்ஹாம் மூன்றும் இத்தாலியக் குரூசர்களை நொறுக்கின. இது அங்கும் இல்லை. இரண்டு உலகப் போரிலும் இருந்து, ஒரு பெரிய கப்பல் சண்டையில்கூட நிற்காத கப்பல்.

ஆனால் அதன் கொடிமரத்தில் யார் யார் கொடி ஏறியது? (அட்மிரல் ஏறிய கப்பலில் அவர் கொடி பறக்கும், அதுதான் தலைமைக் கப்பல்.) டி ரோபெக், பீட்டி, கன்னிங்ஹாம், சோமர்வில், பவர். ஒரு பெரிய கப்பல் சண்டையும் பார்க்காத கப்பலில் இத்தனை அட்மிரல்கள் ஏன் போய் உட்கார்ந்தார்கள்? என் கருத்து, அதன் உண்மையான வரலாறு பீரங்கியில் இல்லை, வயர்லெஸ் அறையிலும் வரைபட மேசையிலும்தான் இருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

பாய்மரம்:

ஆபீஸ் வேலை பார்த்ததற்கெல்லாம் பதக்கம் கொடுக்க ஆரம்பித்தால் குமாஸ்தாவுக்கும் கொடுக்க வேண்டியதுதான். வார்ஸ்பைட் எங்கே, இது எங்கே!

---

புதுமுகம்:

அடிப்படைக் கேள்வி, மன்னிக்கவும். அட்மிரல் ஏறினால் அந்தக் கப்பலின் கேப்டன் யார்? இரண்டு பேரும் உத்தரவு போடுவார்களா?

---

வயர்லெஸ் மணி:

நல்ல கேள்வி தம்பி. நான் வணிகக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கப்பலை ஓட்டுவது, அதன் பீரங்கிகள், அதன் ஆட்கள் எல்லாம் கேப்டன் பொறுப்பு. அட்மிரல் கப்பலை ஓட்ட மாட்டார், கப்பற்படையை ஓட்டுவார். அவருக்குத் தனி மேல்தளம், தனி அறைகள், தனிப் பரிவாரம்: பணியாளர் குழுத் தலைவர், செயலாளர், படை முழுவதற்கும் வழி கணக்கிடும் அதிகாரி, சமிக்ஞைகளைப் பார்த்துக்கொள்ளும் கொடி லெப்டினன்ட், சங்கேத எழுத்தர்கள், சமையல்காரர், பேண்டு வாத்தியம் வரை. கட்டும்போது ஓர் அளவு ஆட்களுக்கு இடம் விட்டிருப்பார்கள், அதன் மேல் இவர்களும் வந்து ஏறுவார்கள். மாலுமிக்குத் தூங்க ஊஞ்சல் கட்டும் இடம் இன்னும் சுருங்கும்.

பிரிட்டிஷ் முறையில் கொடியைப் பார்த்தே பதவியைச் சொல்லிவிடலாம். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை மட்டும் இருந்தால் முழு அட்மிரல். மேல் மூலையில் ஒரு சிவப்பு உருண்டை இருந்தால் வைஸ் அட்மிரல், இரண்டு இருந்தால் ரியர் அட்மிரல். பதவி உயர உயர உருண்டை குறையும்.

பாய்மரம், உங்களுக்கு ஒரு வார்த்தை. ஜட்லாண்டில் என்ன நடந்தது? பிற்பகல் பிரிட்டிஷ் போர்க்குரூசர் படைத் தலைவர் பீட்டி தன் லயன் கப்பலிலிருந்து திசை மாற்றக் கொடி ஏற்றுகிறார். ஐந்து மைல் தள்ளி, இந்த வகைக் கப்பல்கள் நான்கோடு பார்ஹாமில் நிற்கும் ஈவான்-தாமஸுக்குப் புகையில் கொடி தெரியவில்லை. விளக்காலோ வயர்லெஸ்ஸாலோ உடனே திரும்பச் சொல்லவும் இல்லை. பீட்டி ஒரு பக்கம் திரும்பிப் போக, அன்றைக்கு உலகிலேயே வலுவான நான்கு கப்பல்கள் சில நிமிடம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தன. இடைவெளி பத்து மைல் ஆகிவிட்டது. பீட்டியின் கொடி லெப்டினன்ட் சீமோர் அதற்கு முன்பு 1914 டிசம்பரிலும், 1915 ஜனவரி டோகர் பேங்க் சண்டையிலும் இதே மாதிரி சமிக்ஞையில் சொதப்பியவர். பீரங்கியெல்லாம் பிரமாதம், சொல்ல வேண்டியது போய்ச் சேரவில்லை. குமாஸ்தா வேலையை அவ்வளவு லேசாகப் பேசாதீர்கள்.

---

பாய்மரம்:

சரி, ஒப்புக்கு வைத்துக்கொள்வோம். ஆனால் துருக்கியின் டார்டனெல்ஸ் ஜலசந்தியில் இந்த மிதக்கும் ஆபீஸ் என்ன கிழித்தது?

---

நங்கூரம்:

அங்கேதான் சுவையான விஷயமே.

புதுக் கப்பல், பீரங்கிகளைச் சுட்டுப் பழக்க வேண்டும். எங்கோ கடலில் வீணாகச் சுடுவதற்குப் பதில் துருக்கியக் கோட்டைகள் மேல் சுடட்டும் என்று அனுப்பினார்கள். 1915 மார்ச் நடுவில் கட்டளை அதிகாரி கார்டன் உடல்நலம் கெட்டு விலக, டி ரோபெக் பொறுப்பேற்றார். அடுத்து மார்ச் 18, ஜலசந்தியைக் கடக்கும் பெரிய முயற்சி. நுஸ்ரெத் என்ற சின்னத் துருக்கியக் கப்பல் முன்பே கரையோரமாக ஒரு வரிசைக் கண்ணிவெடி போட்டு வைத்திருந்தது. பிரெஞ்சுக் கப்பல் பூவே 600 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஓரிரு நிமிடத்தில் கவிழ்ந்தது. இர்ரெசிஸ்டபிள், ஓஷன் இரண்டும் போயின. இன்ஃப்ளெக்சிபிள் அடிபட்டுத் தப்பியது. குயின் எலிசபெத்துக்குப் பெரிய சேதமில்லை. அன்று மாலை படையைப் பின்னால் இழுத்த உத்தரவு அதிலிருந்துதான் போனது.

ஏப்ரல் 25, ஜலசந்தியை ஒட்டிய கலிபோலியில் தரையிறக்கம். தரைப்படைத் தளபதி ஜெனரல் இயான் ஹாமில்டன் இதே கப்பலில்தான் நின்றார். நிர்வாகப் பிரிவு அதிகாரிகள் வேறு கப்பலில். ஒய் என்று பெயரிட்ட கரையில் எதிர்ப்பே இல்லாமல் ஆட்கள் இறங்கியதை அவர் கண்ணாலேயே பார்த்தார். அங்கே இன்னும் ஆட்களை இறக்கலாமே என்று யூரியாலஸ் குரூசரில் இருந்த படைப்பிரிவுத் தளபதி ஹண்டர்-வெஸ்டனுக்குச் செய்தி அனுப்பினார். உத்தரவாக இல்லை, "வேண்டுமா?" என்ற தோரணையில். பதில் வரவே நேரமானது, அதுவும் வேண்டாம் என்று. மறுநாள் ஒய் கரையைக் கைவிட்டார்கள்.

ஒரே கப்பலை இரண்டு வேலைக்கு வைத்ததன் விளைவு இது. கரைக்கு உதவியாகச் சுட வேண்டுமென்றால் கப்பல் அங்கே போக வேண்டும். கப்பல் போனால் தளபதியும் கூடவே போக வேண்டும். 15 அங்குலப் பீரங்கி வெடிக்கும் கப்பலில் நின்றுகொண்டு வரைபடம் பார்த்து யோசிப்பது எப்படி இருந்திருக்கும்? பாய்மரத்துக்கு என் பதில்: அங்கே அது மோசமான ஆபீஸ். அதை நான் மறுக்கவே இல்லை.

மே 13 அதிகாலையில் துருக்கிய டார்பிடோ கப்பல் ஒன்று கோலியாத் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அந்த நாட்களில் லண்டனில் கடற்படைத் தலைவர் ஃபிஷருக்குத் தூக்கமே இல்லை. புத்தம் புதுக் கப்பலைத் திருப்பி அழைத்தே ஆக வேண்டும் என்றார். கடற்படை கைவிட்டுப் போகிறது என்று போர் அமைச்சர் கிச்சனர் கொதித்தார். கப்பல் ஊர் திரும்பியது, இரண்டு நாளில் ஃபிஷரும் ராஜினாமா.

---

கிள்ளான்வாசி:

மலாயா கப்பல் பெயரைப் பார்த்ததும் நுழைகிறேன். அது பிரிட்டிஷ் கஜானாவில் கட்டியதில்லை. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்த கூட்டு மாநில அரசு கொடுத்த பரிசு, கிட்டத்தட்ட 30 லட்சம் பவுண்ட். மாநில வருமானம் எங்கிருந்து வந்தது? ஈயம், ரப்பர், அபின் வரி. ரப்பர் என்றால் தோட்டப்புறத்தில் விடியற்காலையில் பால் மரம் வெட்டிய நம் ஆட்கள். ஜட்லாண்டில் அந்தக் கப்பல் வாங்கிய அடிக்கு எங்கள் பாட்டன்மாரும் சந்தா கட்டியிருக்கிறார்கள். பரிசளித்த சுல்தான்கள் பெயர் மட்டும்தான் புத்தகத்தில் இருக்கிறது.

இழைக்குச் சம்பந்தம் இல்லையென்றால் மட்டுறுத்துனர் நீக்கிக்கொள்ளலாம்.

---

மட்டுறுத்துனர்:

சம்பந்தம் இருக்கிறது. இருக்கட்டும்.

---

வயர்லெஸ் மணி:

பீட்டி கட்டத்தை யாரும் தொடவில்லையே. 1916 இறுதியில் பிரிட்டிஷ் பெரும்படைத் தலைவர் ஜெல்லிகோவின் இடத்துக்கு வந்தவர் முதலில் அவருடைய அயர்ன் டியூக்கிலேயே கொடி ஏற்றினார். 1917இல் குயின் எலிசபெத்துக்கு மாறினார். இது வேகமான கப்பல், படையின் எந்த மூலைக்கும் ஓடிப்போய்ச் சேரலாம்.

1918 நவம்பர் 15 இரவு, ஜெர்மன் ரியர் அட்மிரல் மொய்ரர் கோனிக்ஸ்பெர்க் குரூசரில் ஃபோர்த் கழிமுகத்துக்கு வந்து இந்தக் கப்பலில் ஏறினார், சரணடையும் விவரம் பேச. பீட்டிக்கு நாடகக் கலை நன்றாகத் தெரியும். ஏணிப்படி மேல் கண்ணைக் கூசும் மின்விளக்கு, இரண்டு பக்கமும் துப்பாக்கி முனையில் கத்தி செருகிய மரைன்கள். இருட்டிலிருந்து ஏறி வந்தவர் முதலில் பார்த்தது அந்தக் கத்தி முனைகளைத்தான்.

நவம்பர் 21 அன்று ஜெர்மன் படை வந்தது: 9 போர்க்கப்பல், 5 போர்க்குரூசர், 7 இலகு குரூசர், 49 டெஸ்ட்ராயர். அன்று சூரியன் மறையும்போது ஜெர்மன் கொடிகளை இறக்க வேண்டும், அனுமதி இல்லாமல் மறுபடி ஏற்றக் கூடாது என்ற உத்தரவு குயின் எலிசபெத்திலிருந்து போனது. ஒரு குண்டும் சுடவில்லை. ஜட்லாண்டில் அத்தனை பேர் செத்தும் கிடைக்காதது ஒரு சமிக்ஞையில் முடிந்தது.

---

பாய்மரம்:

அந்தச் சமிக்ஞைக்குப் பின்னால் நான்கு வருட முற்றுகையும் கீல் துறைமுகத்தில் மாலுமிகள் செய்த கலகமும் இருந்தன. கொடிக்கு மட்டும் பெருமை போகக் கூடாது.

---

வயர்லெஸ் மணி:

அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

---

புதுமுகம்:

மணி ஐயா, அட்மிரல் கடலில்தான் இருக்க வேண்டுமா? கரையில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் பேசினால் போதாதா?

---

வயர்லெஸ் மணி:

தம்பி கேட்டதுதான் முப்பது வருடம் கடற்படைகளை ஆட்டிப்படைத்த கேள்வி.

கடலில் போகும் தலைமைக் கப்பல் வாயைத் திறந்தால் எதிரி அதன் திசையைக் கண்டுபிடித்துவிடுவான். அதனால் வயர்லெஸ் மௌனம். மௌனமாக இருந்தால் காது கேட்கும், வாய் பேச முடியாது. யாருக்கு உத்தரவு கொடுக்க நீ இருக்கிறாயோ அவர்களிடமே பேச முடியாத தலைவர் ஆகிவிடுவாய்.

1941 டிசம்பர் 10, மலாயாவின் குவாந்தான் கடல். அட்மிரல் ஃபிலிப்ஸ் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில் மௌனமாகவே போனார். எங்கே இருக்கிறார் என்று சிங்கப்பூருக்கே தெரியாது. ஜப்பானிய விமானங்கள் தாக்குகின்றன என்று கடைசியில் செய்தி அனுப்பியது கூட வந்த ரிபல்ஸ். உதவிக்கு விமானம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 1942 ஜூன் மிட்வேயில் ஜப்பானியத் தலைமை அட்மிரல் யமமோட்டோ உலகிலேயே பெரிய போர்க்கப்பலான யமாட்டோவில், விமானந்தாங்கிகளுக்கு நூற்றுக்கணக்கான மைல் பின்னால், வாய் மூடி வந்துகொண்டிருந்தார். எதிராளியான அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ் பேர்ல் ஹார்பரில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரிடமும் பேசினார். யார் ஜெயித்தது என்று தெரியும்.

மத்தியதரைக் கடற்படைத் தலைவர் கன்னிங்ஹாம் இரண்டையும் செய்தவர். மட்டபானுக்கு வார்ஸ்பைட்டில் தானே போனார். (கிளம்பும் அன்று மதியம் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஜப்பானியத் துணைத் தூதர் கண்ணில் படும்படி கோல்ஃப் மட்டையும் பெட்டியுமாகக் கரையில் இறங்கி, இருட்டியதும் நைசாகக் கப்பலேறினார்.) இரண்டு மாதம் கழித்து கிரீட் சண்டையில் கரையிலேயே நின்றார். தரைப்படை, விமானப்படையோடு அங்கிருந்துதான் பேச முடியும். வார்ஸ்பைட் கிரீட்டில் குண்டடி பட்டதும்தான் அவர் கொடி குயின் எலிசபெத்துக்கு வந்தது.

---

நங்கூரம்:

அந்தக் காலகட்டத்துக்கு வந்துவிட்டதால் அலெக்சாந்திரியாவைச் சொல்லிவிடுகிறேன்.

1937 முதல் 1941 ஜனவரி வரை கப்பலைப் பிரித்துக் கட்டியிருந்தார்கள். புது இயந்திரம், புது கொதிகலன், பழைய 6 அங்குலப் பீரங்கிக்குப் பதில் விமானத்தையும் சுடக்கூடிய இருபது 4.5 அங்குலப் பீரங்கிகள். 1941 நவம்பர் 25 மாலை, கடலில், கன்னிங்ஹாம் கப்பலில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது வெடிச் சத்தம். பக்கத்தில் வந்த பார்ஹாமை யு-331 நீர்மூழ்கி அடித்துவிட்டது. நான்கைந்து நிமிடம்தான், ஆயுதக் கிடங்கு வெடித்து 800க்கு மேல் பேர் போனார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 18 இரவு ஷீரே என்ற இத்தாலிய நீர்மூழ்கி மூன்று மனித டார்பிடோக்களைத் துறைமுக வாசலில் விட்டது. ஒவ்வொன்றின் மேலும் குதிரையில் உட்காருவதுபோல் இரண்டு பேர். திரும்பி வரும் டெஸ்ட்ராயர்களுக்காகத் தடுப்பு வலையைத் திறந்தபோது இவர்களும் கூடவே நுழைந்தார்கள். மார்செல்யாவும் ஸ்கெர்காட்டும் குயின் எலிசபெத்தின் அடிவயிற்றில் குறுக்காகக் கயிறு கட்டி வெடியைத் தொங்கவிட்டுக் கரையேறினார்கள். பிரெஞ்சு மாலுமி என்று சொல்லி ஊருக்குள் போனார்கள். கையில் கொடுத்தனுப்பிய பிரிட்டிஷ் பவுண்ட் எகிப்தில் கடைகளில் செல்லவில்லை. அதில் மாட்டிக்கொண்டார்கள்.

இன்னொரு ஜோடி, டி லா பென்னேயும் பியாங்கியும், வேலியன்ட்டின் மிதவைமேல் பிடிபட்டார்கள். வெடி எங்கே என்று வாய் திறக்கவில்லை. கன்னிங்ஹாம் இருவரையும் அதே வேலியன்ட்டின் அடித்தளத்தில் அடைக்கச் சொன்னார். வெடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது டி லா பென்னே கேப்டன் மார்கனிடம் ஆட்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார், இடத்தைச் சொல்லவில்லை. காலை ஆறு மணி வாக்கில் முதலில் வேலியன்ட், அப்புறம் குயின் எலிசபெத். பின்தளத்தில் கொடிக்கம்பத்தருகே நின்ற கன்னிங்ஹாமை வெடி சில அடி மேலே தூக்கிப் போட்டது.

என் வாதத்துக்கு வேண்டியது இதற்கடுத்து நடந்தது. துறைமுகம் ஆழமில்லாததால் கப்பல் நிமிர்ந்தபடியே தரைதட்டியது. மேல்தளம் தண்ணீருக்கு மேலே. பார்ப்பவருக்கு ஒன்றும் ஆகாததுபோல் தெரியும். கன்னிங்ஹாம் கப்பலைவிட்டு இறங்கவில்லை. தினமும் காலையில் பேண்டு வாத்தியம், காவலர் அணிவகுப்பு, கொடியேற்றம். கிழக்கு மத்தியதரைக் கடலில் பிரிட்டனுக்கு ஓடக்கூடிய போர்க்கப்பல் ஒன்றுகூட இல்லாத வாரங்களில், தரைதட்டிய கப்பலில் ஒரு அட்மிரல் தொப்பியோடு நின்று சல்யூட் வாங்கிக்கொண்டிருந்தார். சர்ச்சில் நாடாளுமன்றத்தில் இதைச் சொன்னதே 1942 ஏப்ரலில், அதுவும் ரகசிய அமர்வில். பீரங்கி செய்யாத வேலையை அந்தக் கொடி செய்தது.

---

பாய்மரம்:

இந்த ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நாடகம் என்றாலும் நல்ல நாடகம். டி லா பென்னேக்கு 1945இல் பதக்கம் குத்திவிட்டது அதே மார்கன்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

திருமலையான்:

எல்லோரும் எங்கள் ஊருக்கு வராமல் முடித்துவிடுவீர்கள் போல் இருக்கிறது, நான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் நோர்ஃபோக்கில் திருத்த வேலை முடித்து, 1944 ஜனவரி இறுதியில் குயின் எலிசபெத் திருகோணமலைக்கு வந்தது, சோமர்விலின் கிழக்குக் கடற்படைக்குத் தலைமைக் கப்பலாக. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பையும் எங்கள் ஊரையும் குண்டுபோட்டபோது சோமர்வில் வார்ஸ்பைட்டில்தான் இருந்தார். ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் மூழ்கியது. அதற்குப் பிறகு படை கிழக்கு ஆபிரிக்காவின் கிலின்டினிக்குப் பின்வாங்கியது. ஆகவே 1944இல் இந்தக் கப்பல் குடாவுக்குள் வந்து நங்கூரம் போட்டது சும்மா ஒரு வருகையில்லை.

ஏப்ரல் 19, சுமாத்ரா முனையில் ஜப்பானியர் பிடித்திருந்த சபாங் மீது தாக்குதல். குயின் எலிசபெத், வேலியன்ட், ரினௌன், பிரெஞ்சு ரிஷெலியு, இலஸ்ட்ரியஸ், அமெரிக்க சரடோகா, டச்சு ட்ரொம்ப், நியூசிலாந்து கம்பியா, அவுஸ்திரேலிய டெஸ்ட்ராயர்கள். ஆறு நாட்டுப் படைகளுக்கு ஒரே கப்பலிலிருந்து உத்தரவு. ஆளுக்கொரு சமிக்ஞைப் பழக்கம் உள்ளவர்களை ஒரே திசையில் திருப்பியதே ஒரு சாதனை என்பேன். மணி ஐயா ஜட்லாண்ட் கதையைச் சொன்னபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

சோமர்விலுக்குத் தலையிடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. தென்கிழக்காசிய நேசப்படைத் தலைவர் மவுண்ட்பேட்டன் கண்டிக்கு வந்து பேராதனைப் பூங்காவில் தலைமையகம் அமைத்துவிட்டார். கடற்படை யார் சொல்லைக் கேட்பது என்று இருவருக்கும் ஓயாத இழுபறி. ஒகஸ்டில் சோமர்வில் போக, ஃப்ரேசர் வந்தார். ஆண்டு இறுதியில் புதுக் கப்பல்களோடு பசிபிக் படை பிரிந்தது. மிஞ்சிய கிழக்கிந்தியப் படைக்கு பவர் தலைவர், குயின் எலிசபெத்தே தலைமைக் கப்பல்.

எண்ணெயில் ஓடிய முதல் வகை என்று நங்கூரம் தொடங்கினார். எங்கள் ஊர்ச் சீனக்குடாவில் அந்த எண்ணெய்க் குதங்கள் (சேமிப்புத் தொட்டிகள்) இன்றும் நிற்கின்றன, 99. ஒன்று 1942 ஏப்ரல் 9இல் எரிந்துபோனது. ஒரு குதத்தில் ஏறக்குறைய 12,000 கிலோலிட்டர் கொள்ளும், இந்தக் கப்பலை மூன்று தடவை நிரப்பலாம். நம் காலத்திலும் அந்தக் குதங்களுக்காக நாடுகள் பேச்சுவார்த்தை நடத்தியிருக்கின்றன. எங்கள் அப்பப்பா டொக்யார்டில் வேலை செய்தவர். அவர் அட்மிரல்களைப் பற்றிக் கதைத்ததில்லை. அவர் கதைத்ததெல்லாம் மிதக்கும் தளம் உடைந்த கதை.

---

புதுமுகம்:

அது என்ன கதை அண்ணா?

---

திருமலையான்:

1944 ஒகஸ்ட் 8. பம்பாயில் கட்டிக் கொண்டுவந்த, கப்பலைத் தூக்கிப் பழுதுபார்க்கும் பெரிய மிதக்கும் தளம், 23ஆம் இலக்கம். உள்ளே வேலியன்ட்டை ஏற்றித் தூக்கும்போது தொட்டிகளில் தண்ணீரைச் சமமாக இறைக்காததால் நடுவே பாரம் தாங்காமல் தளம் முறிந்து மூழ்கியது. வேலியன்ட் தப்பியது, ஆனால் அடியில் சுக்கானும் விசிறித் தண்டுகளும் நாசம். அதற்குப் பிறகு அது சண்டைக்குத் திரும்பவே இல்லை. அலெக்சாந்திரியாவில் தப்பியதை எங்கள் ஊர்த் தண்ணீர் பார்த்துக்கொண்டது. தளம் இன்னும் கடலடியில் கிடக்கிறது, சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள்.

---

கிள்ளான்வாசி:

1945இல் பினாங்கில் ஜப்பானியர் சரணடைந்தபோது வந்தது குயின் எலிசபெத்தா?

---

நங்கூரம்:

இல்லை, நெல்சன். 1945 ஜூலையில் இதற்கு மாற்றாக வந்து தலைமைக் கப்பலாக நின்றது. குயின் எலிசபெத் ஊர் திரும்பிவிட்டது, 1948இல் உடைக்க விற்றார்கள். ஜட்லாண்ட், மட்டபான் மாதிரி பினாங்கையும் தவறவிட்டது. வார்ஸ்பைட் மட்டும் உடைக்க இழுத்துப்போகும்போது கயிற்றை அறுத்துக்கொண்டு கார்ன்வால் பாறையில் ஏறி உட்கார்ந்தது.

---

பாய்மரம்:

பார்த்தீர்களா, உடைக்கப் போகும்போதும் வார்ஸ்பைட்தான் சண்டை போட்டிருக்கிறது.

---

வயர்லெஸ் மணி:

ரிஷெலியுவுக்குத் தனி இழை தொடங்கலாமா? 1940இல் டக்காரில் பிரிட்டிஷ்காரர்களே அதைச் சுட்டார்கள், நான்கு வருடம் கழித்துத் திருகோணமலையில் பிரிட்டிஷ் அட்மிரல் கொடிக்குக் கீழே நின்றது. திருமலையான் தொடங்கினால் நான் வருகிறேன்.